காபிக் கண்காட்சிக்கு அரைக் கிலோ கொட்டையோடு போங்கள்!

மலையில் காபி வைத்திருக்கும் விவசாயிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தோட்டத்துக் காபியை, வேறு கொட்டை கலக்காமல், சிக்கரி சேர்க்காமல், பாலும் சர்க்கரையும் விடாமல் கடைசியாக எப்போது குடித்துப் பார்த்தீர்கள்?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஏற்காடு, கொல்லிமலை, கூடலூர் என்று போன இடங்களிலெல்லாம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள். "நல்ல கொட்டையெல்லாம் வியாபாரிக்குப் போயிடும் சார், வீட்டுக்குக் கடைத்தூள்தான்" என்பதுதான் வழக்கமான பதில். நெல் போடுபவருக்குத் தன் அரிசிச் சோறு எப்படி இருக்கும் என்று தெரியும். மாந்தோப்பு வைத்திருப்பவர் எந்த மரத்துப் பழம் இனிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். காபி விவசாயி மட்டும் தன் விளைபொருளின் ருசி தெரியாமலே மூட்டை கட்டுகிறார். விலையையும் அடுத்தவர் சொல்கிறார், தரத்தையும் அடுத்தவரே சொல்கிறார்.

இதை மாற்றிக்கொள்ள ஒரு நாள் செலவழிக்கக்கூடிய இடமாகத்தான் காபி வர்த்தகக் கண்காட்சியை நான் பார்க்கிறேன். அங்கே எதைப் பார்க்க வேண்டும், எதைத் தாண்டிப் போகலாம், கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. எனக்குக் காபித் தோட்டம் கிடையாது. நான் உழவியல் படித்தவன். காபி எனக்கு வேலையல்ல, கிறுக்கு. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் 28 வரை பெங்களூரு அரண்மனை வளாகத்தில் 5-வது உலகக் காபி மாநாடும் கண்காட்சியும் நடந்தன. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் காபி அமைப்பு, நம் காபி வாரியத்தோடு சேர்ந்து நடத்தியது. இதற்கு முந்தைய நான்கும் லண்டன், பிரேசில், குவாத்தமாலா, எத்தியோப்பியா என்று நடந்தவை. ஆசியாவுக்கு வந்தது அதுதான் முதல் முறை. பெங்களூரு வரை வந்துவிட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா? ஒரு ரசிகனாகத்தான் போனேன்.

நீங்களும் ரசிகராகவே போங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. விற்க வந்தவர் போல நின்றால் விலையில்தான் பேச்சு தொடங்கும், அங்கேயே முடிந்தும் போகும். ரசிகருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "இது ஏன் புளிக்கிறது? இதில் ஏன் பழவாசனை வருகிறது?" என்று எந்தக் கடையிலும் கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காபிக்காரர்களுக்குக் காபியைப் பற்றிப் பேசுவதைவிடப் பிடித்த வேலை வேறு இல்லை.

உள்ளே நுழைந்ததும் கண்ணைப் பறிப்பவை பளபளப்பான எஸ்பிரெஸ்ஸோ இயந்திரங்களும், பால்நுரையில் இலை வரைந்து தரும் இளைஞர்களும்தான். பார்க்க நன்றாக இருக்கும். அதில் நமக்கு வேலை கொஞ்சம்தான். கூட்டம் சேரும் முன், காலையிலேயே கப்பிங் மேசை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நேரே அங்கே போய்விடுங்கள்.

ஒரு சாம்பிளுக்கு ஐந்து கோப்பை ஏன்?

கப்பிங் என்பது காபியின் சுவைச் சோதனை. நீளமான மேசையில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஐந்து கோப்பைகள் வரிசையாக வைத்திருப்பார்கள். இளவறுப்பாக வறுத்த கொட்டையைக் கோப்பைக்கு 8.25 கிராம் எடுத்து அரைத்து, 150 மில்லி வெந்நீர் ஊற்றுவார்கள். தண்ணீரின் சூடு சுமார் 93 டிகிரி செல்சியஸ். நான்கு நிமிடம் கழித்து மேலே படிந்திருக்கும் தூள் ஏட்டைக் கரண்டியால் உடைத்து முகர்வார்கள். பிறகு கரண்டியில் எடுத்து 'சர்ர்' என்று சத்தம் வர உறிஞ்சுவார்கள். முதன்முதலாகப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். காபி நாக்கு முழுவதும் தெறித்து, மணம் மூக்குக்கும் ஏற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சத்தம். நீங்களும் கூச்சப்படாமல் உறிஞ்சுங்கள்.

மணம், சுவை, புளிப்பு, நாக்கில் உணரும் கனம், பின்சுவை, இனிப்பு என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டு நூற்றுக்குக் கணக்கிடுவது பல ஆண்டுகளாக உலகெங்கும் வழக்கத்தில் உள்ள முறை. 80-க்கு மேல் வந்தால் அது 'ஸ்பெஷாலிட்டி' காபி. இங்கே புளிப்பு என்றால் கெட்டுப்போன புளிப்பு அல்ல. கமலா ஆரஞ்சில் இருக்கிறதே, இனிப்போடு சேர்ந்த புளிப்பு, அது. பால் ஊற்றிக் குடித்தே பழகிய நம் நாக்குக்கு இது பிடிபட இரண்டு மூன்று மேசைகள் ஆகும்.

ஒரே காபியை ஏன் ஐந்து கோப்பையில் ஊற்ற வேண்டும்? விவசாயி புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பைக்கும் கொட்டையைத் தனியாகவே அரைப்பார்கள். 8.25 கிராம் என்பது ஏறத்தாழ அறுபது கொட்டை. அதில் ஒரே ஒரு கொட்டை ஊசிப்போனதாக இருந்தாலும் அந்தக் கோப்பை மட்டும் தனியாக நாறும். நான்கு கோப்பை மணக்கும், ஐந்தாவது நாறும். அப்படி வந்தால் அந்தக் காபியின் மதிப்பெண் விழுந்துவிடும். காரணம் எளிது. காபிக் கடையில் அந்த ஐந்தாவது கோப்பை யாரோ ஒரு வாடிக்கையாளர் கையில்தான் போய்ச் சேரும்.

பழத்தோடு இரண்டு கை பச்சைக்காயும் சேர்ந்து வந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். மூட்டைக் கணக்கில் ஒன்றும் ஆகாதுதான். கோப்பைக் கணக்கு வேறு.

இன்னொன்றையும் அந்த மேசையில் கவனியுங்கள். நம் சந்தையில் பிளான்டேஷன் 'ஏஏ', 'ஏ', 'பி' என்று தரம் பிரிப்பது கொட்டையின் அளவை வைத்து. 7.1 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஏஏ, 6.65-ல் நிற்பது ஏ. ஒற்றைப் பருப்பாக உருண்டு இருப்பது நம் வீடுகளில் பேர்பெற்ற பீபெர்ரி. அளவு சீராக இருந்தால் வறுப்பது சீராக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பெரிய கொட்டை என்பதற்காகச் சுவை கூடிவிடாது. கப்பிங் மேசையில் கோப்பைக்கு எண் மட்டும்தான் இருக்கும். கொட்டை பெரிதா, தோட்டம் பெரிதா என்று யாருக்கும் தெரியாது. மூன்று ஏக்கர்க்காரரும் முந்நூறு ஏக்கர் எஸ்டேட்டும் சமமாக நிற்கும் இடம் காபித் தொழிலில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கோப்பையில் தெரியும் தோட்டம்

நல்ல சுவையறிஞர் ஒருவர் மேசையில் இருந்தால் அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். கெட்ட கோப்பையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கோப்பையைவிட அதில்தான் பாடம் அதிகம். அவர் சொல்லும் ஒவ்வொரு குறையும் உங்கள் தோட்டத்தில் நடந்த ஏதோ ஒரு வேலையின் முகவரி.

நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும், வேர்க்கடலைத் தோல் போன்ற பச்சை வாடையும் வந்தால் அது பழுக்காத காய். கிளையை உருவிப் பறித்திருக்கிறார்கள். அராபிகாவில் ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் நான்கைந்து முறை சுற்றிவந்து சிவந்ததை மட்டும் பறித்தால்தான் இந்த வாடை போகும். பறிக்க ஆள் கிடைக்காத மலையில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்று எனக்கும் தெரியும். இதற்கான கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

அழுகிய வெங்காயம் போல, காடி போல நாற்றம் வந்தால் நொதிப்பில் தவறு. பறித்த பழத்தை இரவு முழுவதும் சாக்கில் அடைத்து வைத்தாலே உள்ளே சூடேறிவிடும். அன்று பறித்ததை அன்றே பல்ப்பரில் ஓட்டிவிட வேண்டும். தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் நொதிக்க வைக்க, அராபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் குளிர் கூடினால் நேரமும் கூடும். கடிகாரத்தை நம்புவதைவிடக் கையை நம்புங்கள். ஒரு பிடி எடுத்துக் கழுவித் தேய்த்தால் வழுவழுப்பு போய், கூழாங்கல் போல 'கரகர' என்று உரச வேண்டும். அந்த நிமிடமே கழுவ வேண்டும். தொட்டியில் நேற்றைய கொட்டை இரண்டு மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதுதான் நாளைக்கு நாறும் அந்த ஐந்தாவது கோப்பை. தொட்டியையும் பல்ப்பரையும் தினமும் கழுவுவது அதற்காகத்தான்.

மண்வாடை வந்தால் வெறுந்தரையில் காய்ந்த கொட்டை. பூசணவாடை வந்தால் ஈரத்தோடு குவித்து வைத்த கொட்டை. பூசணம் என்பது சுவைக் கேடு மட்டுமல்ல. சில பூசணங்கள் ஓக்ராடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். இறக்குமதி செய்யும் நாடுகள் அதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. சிமென்ட் களம் இல்லாதவர்கள் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு, வலை விரித்துப் பரண் போட்டுக் காயவைக்கலாம். மேலும் கீழும் காற்று ஓடும். மெல்லிய அடுக்காகப் பரப்பி அடிக்கடி கிளறி, உச்சிவெயிலில் சாக்கு விரித்து நிழல் கொடுத்து, ராத்திரிப் பனிபடாமல் மூடி வைத்தால் பார்ச்மென்ட் கொட்டை 7 முதல் 10 நாளில் பதமாகும். ஈரப்பதம் 10, 11 சதவீதத்தில் நிற்க வேண்டும். கூடினால் பூசணம், ரொம்பக் குறைந்தால் உங்களுக்கு எடை நட்டம்.

காய்த்துளைப்பான் தின்ற கொட்டையும் கோப்பையில் காட்டிக்கொடுக்கும். 1990-ல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம்தான் இந்தப் பூச்சி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது எட்டாத காபி மலை குறைவு. பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் துளை விழுந்ததும், பொக்கும், காய்ந்ததும் மிதக்கும். மிதப்பதைத் தனியாக எடுத்துக் காயவைத்து வேறாக விற்றுவிடுங்கள். ஒரு பெரிய அண்டாவும் ஒரு சல்லடைக் கரண்டியும் போதும். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதிலேயே செலவு குறைந்த தொழில்நுட்பம் அதுதான்.

இயந்திரக் கூடத்தில் பர்ஸை மூடி வையுங்கள்

அடுத்து இயந்திரக் கூடம். இங்கே நிதானம் வேண்டும். நிறம் பார்த்துக் கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம், மணிக்கு டன் கணக்கில் தோல் உடைக்கும் ஆலை, எல்லாமே அற்புதமாக இருக்கும். பார்த்து வியந்துவிட்டு நகருங்கள். அது கியூரிங் ஆலைகளுக்கு. மூன்று ஏக்கருக்கு அது தேவையில்லை.

உங்களுக்கு வேண்டியவை மூன்றே. ஈரப்பதமானி, சின்னப் பல்ப்பர், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கழுவும் இயந்திரம். கடைசியாகச் சொன்னதைத் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள மலைகளில் கட்டாயம் விசாரிக்க வேண்டும். காபி கழுவிய தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டால் கீழே இருக்கும் ஊருக்குத் தொல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

பல்ப்பர் விற்பவரிடம் விலையை முதலில் கேட்காதீர்கள். மணிக்கு எத்தனை கிலோ பழம் ஓடும் என்று கேளுங்கள். அறுவடை உச்சத்தில் ஒரே நாளில் உங்கள் தோட்டத்தில் எவ்வளவு பழம் வரும்? அதை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்கும் அளவு போதும். கொட்டையை வெட்டுகிறதா என்று பழம் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செப்டம்பரில் பழம் இருக்காது என்பார்கள்; அப்படியானால் அறுவடைக் காலத்தில் வந்து பார்த்து முடிவுசெய்வதாகச் சொல்லுங்கள். உதிரிபாகம் எந்த ஊரில் கிடைக்கும் என்றும் கேளுங்கள். பெரியகுளத்திலோ சேலத்திலோ கிடைக்காத பல் சக்கரம் வைத்த இயந்திரம், நடு அறுவடையில் நின்றால் வெறும் இரும்பு.

மானியம் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பி முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். மானியத்தின் நிபந்தனைகளைச் சொல்ல வேண்டியவர் காபி வாரியக் கள அலுவலர். வாங்கும் முன் அவரிடம் போக வேண்டும். வாங்கிய பிறகு போய்ப் பயனில்லை. ஈரப்பதமானியை ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கினால் போதும். பல்ப்பரும் அப்படித்தான். வியாபாரி கையில் அந்தக் கருவி இருந்து உங்கள் கையில் இல்லாதவரை, "ஈரம் கூட இருக்கு" என்று அவர் சொல்வதை நீங்கள் மறுக்க முடியாது.

வறுப்பவர் கேட்கும் கேள்விகள்

இந்தக் கண்காட்சிகளில் பெங்களூரு, சென்னை, கோவை போன்ற ஊர்களிலிருந்து சிறிய அளவில் கொட்டை வாங்கி வறுத்து விற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு லாரி லோடு வேண்டாம். ஐம்பது கிலோ, நூறு கிலோ நல்ல காபி வேண்டும். சிறு விவசாயிக்கு ஏற்ற ஆள் இவர்தான்.

அவர் கேட்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும், ஆனால் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். தோட்டம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? என்ன ரகம்? பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1940-களில் வெளிவந்த எஸ்.795 இன்னும் நம் மலைகளில் நிற்கிறது. அதன் கோப்பைக்குத் தனி மரியாதை உண்டு. காவேரியா, செலக்‌ஷன் 9-ஆ, 2007-ல் வந்த சந்திரகிரியா? கலந்து நட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த மாதம் பறித்தது? கழுவியதா, பழத்தோடு உலர்த்தியதா? நிழலுக்கு என்ன மரங்கள்? அடுத்த ஆண்டும் இதே தரத்தில் தர முடியுமா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "எங்க காபி நல்லா இருக்கும் சார்" என்பது இவற்றில் எதற்கும் பதில் இல்லை. ஒரு தாளில் இத்தனையும் எழுதி எடுத்துப் போங்கள்.

பலா, ஆரஞ்சு, மலைவாழை, கல்யாணமுருங்கை, சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக்கொடி. இப்படிப் பல மரங்களின் நிழலில் காபி வளர்ப்பது நமக்கு அன்றாடம். பிரேசிலின் பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் நிழலே இல்லாத வெட்டவெளி. வெளிநாட்டுக் கடைகளில் 'நிழலில் விளைந்தது' என்று தனியாக அச்சிட்டு விற்கும் ஒரு சிறப்பை நாம் சொல்லவே மறந்துவிடுகிறோம்.

இப்போது பறிகூலிக் கணக்கு. அராபிகாவில் ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தமான கொட்டை கிடைக்கும். ஆகவே பழம் பறிக்கக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவானால், கொட்டைக்கு ஆறு ரூபாய் கூடுதல் விலை வந்தால்தான் கட்டுப்படியாகும். கழுவுவது, பரணில் உலர்த்துவது, பொறுக்குவது என்று கூலி இன்னும் ஏறும். இதையெல்லாம் கூட்டி, அதற்கு மேல் எவ்வளவு நின்றால் நீங்கள் சம்மதிப்பீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுப் போங்கள். மொத்த விளைச்சலையும் இப்படிச் செய்ய முயல வேண்டாம் என்பது என் கருத்து. நடு அறுவடையில் பழம் ஒன்றுபோலச் சிவந்து நிற்கும் இரண்டு மூன்று வாரத்து விளைச்சலை மட்டும் தனியாகப் பதப்படுத்துங்கள். மீதி வழக்கம்போல வியாபாரிக்கே போகட்டும். பல ஆண்டுகள் அவசரத்துக்குக் கைகொடுத்த வியாபாரியை ஒரே நாளில் பகைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல. பணம் எப்போது வரும் என்பதைப் புதியவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையில் இன்னொரு விஷயம். அராபிகா விலையை நியூயார்க் சந்தையும், ரொபஸ்டா விலையை லண்டன் சந்தையும் நிர்ணயிக்கின்றன. பிரேசிலில் உறைபனி விழுந்தால் பண்ணைக்காட்டில் விலை ஏறும். அங்கே மழை பெய்தால் இங்கே இறங்கும். 2024-ல் ரொபஸ்டா விலை வரலாறு காணாத உயரம் போனதைப் பார்த்தோம். சந்தை ஏறி நிற்கும் ஆண்டில் நல்ல காபிக்கும் சுமார் காபிக்கும் விலை வித்தியாசம் குறைந்துவிடும், "எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?" என்று தோன்றும். விலை விழும் ஆண்டில்தான் ருசி தெரிந்து வாங்கும் ஆள் ஒருவர் இருப்பதன் அருமை தெரியும்.

ஐரோப்பா கேட்கும் முகவரி

நம் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற ஐரோப்பிய நாடுகள் முக்கிய வாடிக்கையாளர்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் கொண்டுவந்தது. அமலாக்கத்தைத் தள்ளிவைத்தார்கள், சட்டத்தைக் கைவிடவில்லை. ஆகவே கண்காட்சியில் ஏற்றுமதியாளர் யாரிடம் பேசினாலும், "தோட்டத்தின் இருப்பிடக் குறியீடு இருக்கிறதா?" என்று கேட்பார்.

பயப்பட ஒன்றும் இல்லை. நான்கு ஹெக்டேர் வரை உள்ள தோட்டத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை என்று ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றி வரைந்து காட்ட வேண்டும். தோட்டத்தின் நடுவில் நின்று கைப்பேசியில் பார்த்தாலே அந்த எண்கள் கிடைக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. பட்டாவில் தாத்தா பெயரே இருப்பதுதான் நம் மலைகளில் உண்மையான சிக்கல். அதைச் சரிசெய்யக் கண்காட்சி உதவாது, தாலுகா அலுவலகம்தான் போக வேண்டும். அறுவடை தொடங்கும் முன் போய்விடுங்கள்.

மேசையில் இல்லாத பெயர்கள்

பெங்களூரில் எனக்கு ஓர் ஆதங்கம் இருந்தது. சிக்கமகளூரு, குடகு, பாபாபுடன்கிரி என்ற பெயர்களை எல்லோரும் சொன்னார்கள். 2019-ல் குடகு அராபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்கமகளூரு அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா ஆகிய ஐந்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை.

நமக்கு வரலாறு இல்லையா? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே சேர்வராயன் மலையில் காபி வந்துவிட்டது. உயரம் இல்லையா? நம் மலைகளில் விளைவது பெரும்பாலும் அராபிகாதான். நாட்டின் மொத்தக் காபியில் நம் பங்கு சுமார் 5 சதவீதம் என்பதால் மூட்டைக் கணக்கில் நாம் கர்நாடகத்தோடு போட்டி போட முடியாது. கோப்பைக் கணக்கில் முடியும். ஆந்திரத்தில் அரக்குப் பள்ளத்தாக்கின் காபி பழங்குடிச் சிறு விவசாயிகள் விளைவிப்பது. 2017-ல் பாரிஸ் நகரத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு கடை திறந்தார்கள். அங்கே ஒருவர் தனியாக இதைச் செய்யவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மாதிரி பறித்து, ஒரே இடத்தில் பதப்படுத்தினார்கள். கீழ்ப்பழனி மலையில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மனது வைத்தால் இதன் சின்ன வடிவத்தை ஒரே பருவத்தில் தொடங்கிப் பார்க்கலாம்.

அரைக் கிலோவை எப்படி எடுப்பது?

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நல்ல கொட்டையாகப் பொறுக்கி எடுத்துப் போவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. தனியாகப் பதப்படுத்திய ஒரு நாள் பறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குவியலின் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, அதிலிருந்து முக்கால் கிலோ பார்ச்மென்ட் எடுங்கள். தோலோடு இருக்கும்வரை கொட்டை கெடாமல் இருக்கும் என்பதால், அப்படியே துணிப்பையில் கட்டி, காற்றோட்டமான இடத்தில் தரையில் படாமல் வையுங்கள். மிளகு, உரம், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் எதன் பக்கத்திலும் வேண்டாம். காபிக் கொட்டை பக்கத்தில் இருப்பதன் வாடையைப் பிடித்துக்கொள்ளும். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு தோல் உடைத்தால் அரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொட்டை தேறும். பறித்த தேதி, ரகம், எந்தப் பாத்தி, எத்தனை மணி நேரம் நொதித்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் போடுங்கள். வறுத்து எடுத்துப் போக வேண்டாம். வறுப்பை அவர்கள்தான் செய்ய வேண்டும்.

கண்காட்சியில் எல்லா மேசையிலும் வெளியாள் சாம்பிளைச் சோதிக்க மாட்டார்கள். நான்கு பேர் மறுப்பார்கள், ஐந்தாமவர் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் பதில் சொல்வார். மதிப்பெண்ணைவிட, என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெங்களூரு வரை போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. காபி வாரியத்தின் தரப்பிரிவு விவசாயிகளின் சாம்பிள்களைச் சோதித்துத் தருகிறது. 'பிளேவர் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் நல்ல காபிக்கான போட்டியையும் வாரியம் நடத்துகிறது. கட்டணம், தேதி, அனுப்பும் முறை ஆகியவற்றை உங்கள் பகுதிக் காபி வாரிய அலுவலகத்தில் கேட்கலாம். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குத் தாண்டிக்குடியிலேயே வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யுங்கள். இரும்பு வாணலியில் ஒரு கைப்பிடி உங்கள் கொட்டையைப் போட்டு, சிறுதீயில் விடாமல் கிளறி, 'பட்பட்' என்று முதல் வெடிப்பு முடிந்த சற்று நேரத்தில் இறக்கி, முறத்தில் கொட்டி ஆறவிடுங்கள். மறுநாள் அரைத்து ஐந்து டம்ளரில் தனித்தனியாகப் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். பாலும் சர்க்கரையும் கிட்டத்தில் வர வேண்டாம். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்லுங்கள். ஐந்தும் ஒன்றுபோல இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.